கேட்காமல் நிரப்பிய கட்டம்

டக். சற்றுப் பொறுத்து இன்னொரு டக்.

நவி மும்பை கோபர்கைரனேயில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே இந்த வாரம் முழுக்க அந்தச் சத்தம்தான். பழைய நம்பர் பிளேட்டுகளைக் கழற்றிவிட்டுப் புதியவற்றை மாட்டுகிறார்கள். அதில் திருகாணி கிடையாது, பூட்டாணி. ஒருமுறை உள்ளே இறங்கிவிட்டால் பிறகு உடைத்துத்தான் எடுக்க வேண்டும். மூன்றாவது மாடி ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். முன்னால் இரண்டு டக், பின்னால் இரண்டு. அதோடு ஒரு வண்டி இந்த ஊர் வண்டியாகிவிடுகிறது. நான் மாட்டிக் கொடுத்திருக்க வேண்டிய ஒரு பிளேட்டின் சத்தம் மட்டும் இன்னும் என் காதுக்கு வந்து சேரவில்லை.

இதை உங்களுக்காக எழுதுகிறேன். செம்பூரில் என் மேசை கிடந்த அதே ஜெராக்ஸ் கடையில் இப்போது மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கும் உங்கள் நால்வருக்காக. உங்களில் இருவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. படிக்கத் தெரிந்தவர் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். வேகமாக வாசிக்க வேண்டாம். வேகத்தைப் பற்றித்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

ஃபாரம் நிரப்புவது எப்படி என்று உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றுமில்லை. வெளியூரிலிருந்து வந்து இறங்குகிறவர்களின் வண்டியையும் லைசென்ஸையும் இந்த ஊருக்குப் பழக்குவது நம் வேலை. தமிழ்நாட்டு லைசென்ஸ் இங்கேயும் செல்லும், முகவரியை மாற்றினால் போதும். வண்டி அப்படி அல்ல. ஒரு வருடத்துக்குமேல் இங்கே ஓடினால் மகாராஷ்டிரா நம்பர் வாங்க வேண்டும். அதற்கு முதலில் சொந்த ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகம் ‘எங்களுக்கு ஆட்சேபணை இல்லை’ என்று ஒரு காகிதம் தர வேண்டும். என்.ஓ.சி. இவ்வளவும் உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாதது, அந்த ஃபாரத்தில் பெயருக்கு அடுத்து வரும் ஒரு சின்னக் கட்டம் என்னை என்ன செய்தது என்பது.

தந்தை பெயர் அல்லது கணவர் பெயர் என்ற கட்டம்.

நம் ஆட்களுக்கு அந்த இடத்தில் எப்போதுமே தடுமாற்றம்தான். நமக்கு இருப்பது இனிஷியலாக ஓர் எழுத்து. இந்த ஊருக்கோ தன் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று வேண்டும். தாராவியிலிருந்து ஒரு டெம்போக்காரரைக் கவுன்டருக்கு அழைத்துப் போயிருந்தேன். உள்ளே இருந்த மராத்தி மேடம் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு “ஆட்நாவ்?” என்றார்.

“என்ன கேக்கா?”

“குடும்பப் பேரு என்னன்னு கேக்காங்க.”

“குடும்பத்துக்கே நாந்தாம்வே பேரு எடுத்துக் குடுத்துக்கிட்டிருக்கேன். அப்படியே எழுதிக்கிடச் சொல்லும்.”

நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் மேடம் எங்கள் முகத்தைப் பார்த்தே சிரித்துவிட்டார். அந்த மேடத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. பெண்கள் யார் வந்தாலும், ஃபாரத்தில் தெளிவாக எழுதியிருந்தாலும், தலையைத் தூக்கி ஒரு தடவை கேட்பார்: “வடீல் கீ நவரா?” அப்பாவா, புருஷனா? பின்னால் முப்பது பேர் நிற்பார்கள், மின்விசிறி காற்றைத் தராமல் சுற்றிக்கொண்டிருக்கும், அவர் கேட்பார். கேட்டுவிட்டு அந்தப் பெண்ணின் வாயையே பார்ப்பார். அழைத்துவந்த என்னைப் பார்க்க மாட்டார்.

ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. என் தாராவி மராத்தியில் அவருக்கு வகுப்பு எடுத்தேன். எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் அந்த எழுத்து அப்பாவுடையது, அதற்குப் பின்னால் புருஷனுடையது, இதில் கேட்க என்ன இருக்கிறது என்றேன்.

அவர் முத்திரையை மைப்பெட்டியில் ஒற்றியபடியே சொன்னார். “எழுத்து உனக்குத் தெரியும். அதற்குப் பின்னால் யார் நிற்கிறார் என்பது அவளுக்குத்தான் தெரியும்.”

நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வெளியே வந்து டெம்போக்காரர்களிடம் அதைச் சொல்லிச் சிரித்ததும் உண்டு.

தேன்மொழி என் மேசைக்கு வந்தது அதற்கு அடுத்த மழைக்காலத்தில். முப்பது வயதுக்குள் இருக்கும். தென்மாவட்டத்துச் சின்ன ஊர் ஒன்றிலிருந்து செம்பூருக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு லேபில் வேலை. கோவண்டியிலிருந்து மாட்டுங்கா வரைக்கும் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, கெடுவதற்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அதற்குத் தன் சொந்த ஸ்கூட்டரை ரயிலில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். தமிழ்நாட்டு நம்பர்.

“நாகாவுக்கு நாகா, ஒரு முக்கு விடாம நிப்பாட்டுதாங்க அண்ணாச்சி. போலீஸ் ஹவல்தார்ட்ட நான் இந்தியில அழுது முடிக்கதுக்குள்ள ஐஸ் உருகிருது.”

“ஒரு வருசம் வரைக்கும் ஓட்டலாம்லா. சொல்ல வேண்டியதான.”

“சொன்னேன். வந்து எவ்வளவு நாளாச்சுங்கதுக்கு ஆதாரம் கேக்காரு. லேப்ல சொல்லிட்டாங்க, இந்த ஊரு பிளேட்டு மாட்டுனாத்தான் வேலைன்னு. எனக்கு இந்த வேலைய விட்டா இங்க நிக்க முடியாது. அங்க போகவும் முடியாது.”

அங்க போகவும் முடியாது. என் காதில் விழுந்த வாக்கியம்தான் அது. விழுந்த இடத்திலேயே கிடந்தது.

காகிதங்களைக் கொடுத்தாள். பெயர் எம். தேன்மொழி. பதினெட்டு வயதில் எடுத்த லைசென்ஸில் முத்தையா மகள் என்றிருந்தது. வண்டியின் ஆர்.சி.யில் அந்த வரியே தேய்ந்து போயிருந்தது. ஆதார் நகலை மட்டும் மடித்துக் கொடுத்தாள். ஒழுங்கான மடிப்பு, நகத்தால் அழுத்தியது. முகமும் பெயரும் வெளியே, முகவரி உள்ளே. நான் அதைப் பிரித்து மேசையில் வைத்து உள்ளங்கையால் தேய்த்து நிமிர்த்தினேன். மடிப்பு நீக்குவது என் தொழில் என்று நினைத்திருந்தவன் நான். உள்ளே மணிகண்டன் மனைவி என்றிருந்தது. முத்தையாவுக்கும் எம், மணிகண்டனுக்கும் எம். ஓர் எழுத்துக்குப் பின்னால் இரண்டு ஆண்கள்.

“இங்க எந்த அட்ரஸ் போடட்டும்?”

“உங்க கடை அட்ரஸே போடுங்களேன் அண்ணாச்சி.”

“போடுதேன். கடைக்குப் பங்கு கேட்டு வந்துரக் கூடாது.”

அவள் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன். பின்னால் இன்னும் ஐந்து பேர் நின்றார்கள், ஒருவர் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். நம் தொழிலில் எல்லோரும் சொல்லும் அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

“கீழ கையெழுத்து மட்டும் போடும்மா. மேல நான் நிரப்பிக்கிடுதேன்.”

போட்டாள். வெற்றுத்தாளில் போட்டாள், நம்பிப் போட்டாள், நாலு வார்த்தை தமிழ் பேசுகிற ஒரு மனுசன் என்பதற்காகப் போட்டாள். அவள் போன பிறகு அந்தக் கட்டத்துக்கு வந்தேன். பேனா ஒரு நொடி நின்றது, அதை மறுக்க மாட்டேன். கைபேசியை எடுத்து ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். ஆதார்தான் புதிது, கணினி அதைத்தான் ஒப்பிடும், கல்யாணத்துக்குப் பின்னால் புருஷன் பெயர்தானே என்று எழுதினேன். மணிகண்டன். அழகான கையெழுத்து எனக்கு.

ஒரு மராத்திக்காரரோ குஜராத்திக்காரரோ அந்த மேசையில் இருந்திருந்தால் ‘எம் என்றால் என்ன?’ என்று கேட்டிருப்பார். தெரியாது, அதனால் கேட்டிருப்பார். எனக்குத் தெரிந்திருந்தது.

காகிதங்களை அவள் ஊரிலிருக்கும் நம் தொழில்காரர் ஒருவருக்குக் கூரியர் செய்தேன். முகம் பார்த்ததில்லை, போனில் பழக்கம். மூன்று வாரம் கழித்து அவர் கூப்பிட்டார், குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

“அண்ணாச்சி, என்.ஓ.சி. ஆயிட்டு. மணிகண்டன்னு பாத்தேன், அட, நம்ம டயர்க் கடை மணிகண்டன். போனப் போட்டுச் சொன்னேன். மனுசன் ஆடிப்போயிட்டாரு. கூரியர்லாம் எதுக்கு, நானே கொண்டுட்டுப் போறேன்னு வாங்கிட்டாரு. வியாழக்கிழமை காலைல ஒங்க கடையில இருப்பாரு.”

“நல்லதாப் போச்சு,” என்றேன்.

தேன்மொழிக்குப் போன் செய்து, வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வா, காகிதம் வந்துவிடும் என்றேன். யார் கையில் வருகிறது என்று சொல்லவில்லை. புருஷன் வருவது பெண்டாட்டிக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்தேன். அவள் குரல் மலர்ந்துவிட்டது. “பிளேட்டு மாட்டுற அன்னைக்கு ஒங்களுக்கு ஃபில்டர் காபி அண்ணாச்சி, மாட்டுங்கால,” என்றாள்.

மணிகண்டன் பத்தரைக்கே வந்துவிட்டார். தேய்த்த சட்டை, நெற்றியில் திருநீறு, ரயிலில் தூங்காத கண். என்.ஓ.சி.யை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். நான் நாற்காலியைத் தள்ளிப் போட்டேன். அவர் உட்காராமலே கேட்டார்.

“அண்ணாச்சி, அவ எங்க இருக்கா?”

நாற்காலியை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

“ஒங்களுக்குத் தெரியாதா?”

“ஒம்போது மாசமாத் தேடுதேன். நான் வந்திருக்கது அவளுக்குத் தெரியாது. நீங்கதான் தெய்வம் மாதிரி.”

தேடுதேன். என் அப்பா பேசிய தமிழ். தாராவியில் பிறந்து, இந்தியில் சண்டை போட்டு, மராத்தியில் கும்பிடு போட்டு வாழ்ந்தவனுக்கு அந்த ஒரு சொல் நெஞ்சுக்குள் கையை விட்டுப் பிசைந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அரை மணி நேரம் இருந்தது. கைபேசி என் முன்னால் கிடந்தது. ஒரே ஒரு அழைப்பு, ‘வராதம்மா’ என்று ஒரு சொல்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? டீ சொன்னேன்.

அந்த அரை மணி நேரத்தில் என் மனதில் ஓடியதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. சேர்த்து வைத்துவிடலாம் என்று நினைத்தேன். சின்னஞ்சிறுசுகள், ஏதோ கோபம், நாலு வார்த்தை நான் பேசினால் சரியாகிவிடும், என் கடையில் வைத்து ஒரு குடும்பம் ஒட்டியது என்று நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். ஃபாரம் நிரப்ப வந்தவன் நாட்டாமை ஆகிவிட்டேன். உங்கள் மேசைக்கு வருகிறவர்கள் நம்மிடம் காகிதத்தைத்தான் தருகிறார்கள், வாழ்க்கையை அல்ல. காகிதத்தோடு அதுவும் வந்துவிடும். வந்தால் தொடாமல் திருப்பிக் கொடுக்கத் தெரிய வேண்டும்.

பதினோரு மணிக்கு அவள் வந்தாள். கடைக்கு எதிரே ஸ்கூட்டரை நிறுத்தி, ஐஸ் பெட்டியின் வாரைச் சரிசெய்துகொண்டே திரும்பியவள், அப்படியே நின்றுவிட்டாள். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. மணிகண்டன் வேகமாக இறங்கிப் போனார். நானும் பின்னால் போனேன். ஒன்பது மாதம் கழித்து மனைவியைப் பார்க்கிற மனுசன் முதலில் எங்கே பார்த்தார் என்பதை நான் கவனித்தேன். குனிந்து வண்டியின் கிலோமீட்டரைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் அவள் முகத்தை.

“ரொம்ப ஓடியிருக்கு,” என்றார்.

அவள் அவரிடம் பேசவில்லை. ஹெல்மெட் கண்ணாடிக்குள்ளிருந்து என்னைக் கேட்டாள். “இவருக்கு யாரு அண்ணாச்சி சொன்னா?”

“நீதான் சொல்லியிருக்க,” என்றார் மணிகண்டன். கைபேசியில், ஊர்த் தொழில்காரர் அனுப்பிய அந்த ஃபாரத்தின் படம் இருந்தது. விரலால் பெரிதாக்கிக் காட்டினார். “இந்தா பாரு. மணிகண்டன் மனைவி. கீழ ஒன் கையெழுத்து. மனசுல இல்லாமலா எழுதுவ? இத எத்தன வாட்டி பாத்தேன் தெரியுமா. பாக்கச் சொல்லத்தான எழுதியிருக்க.”

“நான் எழுதல.”

“கையெழுத்து?”

“அது மட்டுந்தான் என்னுது.”

அவள் இன்னும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் சொன்னேன்.

“நாந்தான் எழுதினேன்.”

மணிகண்டனின் முகம் அணைந்ததை நான் பார்த்தேன். அந்த மனுசனுக்கும் ஒரு பொய்யான நம்பிக்கையை என் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர் பிளாஸ்டிக் உறையிலிருந்து என்.ஓ.சி.யை எடுத்தார், நான்காக மடித்தார், சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“அப்பம் வீட்டுக்கு வந்து வாங்கிக்கோ,” என்றார்.

அவள் வண்டியைக் கிளப்பினாள். என்னைக் கடக்கும்போது மெதுவாக ஆக்கினாள். ஐஸ் பெட்டியின் பக்கவாட்டில் லேபின் பெயர் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. அதை நான் படித்தேன். என் அருகில் நின்றவரும் படித்தார்.

மறுநாளிலிருந்து அவர் லேபுக்குக் கீழே நின்றார். கத்தவில்லை, கை ஓங்கவில்லை, யாரையும் தொடவில்லை. காலை ஏழு மணிக்கு வந்து, பார்க்கிங்கில் அவள் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நின்றார். சாயங்காலம் அவள் திரும்பும்போதும் நின்றார். மூன்றாம் நாள் நான் போய்ப் பேசிப் பார்த்தேன். “எம் பொண்டாட்டி வண்டி அண்ணாச்சி, நான் பக்கத்துல நிக்கக் கூடாதா?” என்றார். ஐந்தாம் நாள் லேப்காரர்கள் தேன்மொழியிடம், உன் வீட்டு விவகாரத்தை முடித்துக்கொண்டு வா என்றார்கள்.

என்ன செய்யலாம் என்று நான் அந்த மராத்தி மேடத்திடம் போய் நின்றேன். மதிய உணவு நேரம், டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். நடுவில் அவர் கை நின்றுவிட்டது, ஆனால் ‘அன்றைக்கே சொன்னேனே’ என்று அவர் சொல்லவில்லை. போலீஸில் எழுதிக் கொடுப்பது அந்தப் பெண்ணின் விருப்பம், அதையும் நீ முடிவு செய்யாதே என்றார். என்.ஓ.சி. தொலைந்ததாகவோ வேண்டாம் என்றோ எழுதிக் கொடுத்து, ரத்து செய்து, புதிதாகக் கேட்கலாம் என்றார். பிறகு டப்பாவை மூடிவிட்டுக் கேட்டார். “இந்தத் தடவை அவளிடம் கேட்பாய்தானே?”

எட்டாம் நாள் காலை, கடை ஷட்டரை நான் பாதி தூக்கும்போதே தேன்மொழி வாசலில் இருந்தாள். வண்டி இல்லை. தோளில் ஒரு பை.

“வண்டி எங்கம்மா?”

“ரயில் பார்சல்ல போட்டாச்சு. ஆர்.சி. நகலு, லைசென்ஸ் நகலு எல்லாம் ஒங்ககிட்ட இருக்குல்லா. வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்.”

உட்கார் என்றேன். உட்கார்ந்தாள். அலமாரியைத் திறந்து அவள் காகிதங்களை எடுத்தேன். ஆதார் நகல் மேலேயே இருந்தது. நான் தேய்த்து நிமிர்த்தியும் மடிப்பின் கோடு போகவில்லை. அதை அவள் வாங்கி, அதே கோட்டில், அதே மாதிரி மடித்துக்கொண்டாள். அவளாகத்தான் சொன்னாள்.

“அடிச்சாரா, குடிச்சாரான்னு எல்லாரும் கேக்காங்க அண்ணாச்சி. ரெண்டும் கெடையாது. என் சம்பளத்துல வாங்குன வண்டி. சாவி அவர்ட்ட இருக்கும். காலைல தருவாரு. சாயங்காலம் கிலோமீட்டர் பாப்பாரு. வேலைக்குப் போக வர ஒம்போது கிலோமீட்டர். ஒம்போதரை ஆயிட்டுன்னா அந்த அரைக்கு ராத்திரி பூரா பதில் சொல்லணும். அவ்வளவுதான். இத எந்த ஸ்டேசன்ல எழுதிக் குடுக்க?”

இந்த ஊருக்கு வந்து அவள் எவ்வளவு கிலோமீட்டர் ஓட்டியிருப்பாள் என்று நினைத்தேன். மழையில், வெயிலில், கோவண்டிச் சந்துகளில், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத கிலோமீட்டர்கள். அத்தனையையும் ஒரு சொல் எழுதி நான் நிறுத்திவிட்டேன்.

“தெரியாம எழுதிட்டேம்மா,” என்றேன்.

“தெரியும்னு நெனச்சு எழுதிட்டீங்க,” என்றாள். கோபமில்லாமல் சொன்னாள். ஒரு திருத்தத்தைச் சொல்வதுபோல.

அதற்குப் பிறகு ஒரு வருடம்கூட நான் அந்தத் தொழிலில் இருக்கவில்லை. கண் சரியில்லை, எல்லாம் ஆன்லைன் ஆகிவிட்டது என்று உங்களிடமெல்லாம் காரணம் சொன்னேன். கண் நன்றாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு ஃபாரத்திலும் அந்தக் கட்டத்துக்கு வரும்போது பேனா நின்றது, மறுபடி கிளம்ப மாட்டேன் என்றது. இப்போது உங்கள் திரையில் அது ஒரு சின்ன அம்புக்குறி. அழுத்தினால் தந்தை, கணவர் என்று கீழே விரியும். வரிசை நீளமாக இருக்கும், ஆதார் கையில் இருக்கும், வந்திருப்பவர் நம் தமிழ் பேசுவார், உங்களுக்குத் தெரிந்ததுபோலவே இருக்கும். விரலை எடுத்துவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள். பின்னால் நிற்பவரின் ரயில் போனால் போகட்டும். அடுத்த ரயில் வரும்.

அன்று காலை ஒரு வெற்று ஃபாரத்தை எடுத்தேன். என்.ஓ.சி. புதிதாகக் கேட்கும் ஃபாரம். பேனாவோடு சேர்த்து அவள் பக்கம் நகர்த்தினேன்.

“இத நீயே நிரப்பும்மா. எல்லாத்தையும் எழுதி, படிச்சுப் பாத்து, கடைசியாக் கையெழுத்துப் போடு.”

மெதுவாக எழுதினாள். அந்தக் கட்டத்துக்கு வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் கேட்டேன். கேட்க வேண்டிய நாளில் கேட்காத கேள்வியை, ஒரு மாதம் பிந்திக் கேட்டேன்.

“எம்-முன்னா யாரும்மா?”

“எங்க அப்பா. முத்தையா,” என்றாள். எழுதினாள். கட்டத்துக்குள் அடங்காமல் வெளியே போனது ‘யா’.

வண்டியை எந்த ஊர் அலுவலகத்துக்கு மாற்ற வேண்டும் என்ற கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டாள். தாளைச் சுருட்டிப் பையில் வைத்து, எழுந்து, ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே போனாள். நானும் குனிந்து வெளியே வந்தேன். ஸ்டேஷன் பக்கம் அவள் நாலு அடி வைத்த பிறகு, கூப்பிட்டேன்.

“எந்த ஊருக்கும்மா போற?”

திரும்பினாள். முதல் முறையாக லேசாகச் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

“அத மட்டும் கேக்காதீங்க அண்ணாச்சி.”